விபத்தில்லா நாட்கள்

ஆம்பூர்
12-8-2024

சௌமியா,

நலம் என்று எழுதித்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். நான் நலமில்லை. நீ நலமாக இருப்பாய். சூப்பர்வைசராகிக் கம்பெனியின் வாலாஜாபேட்டை யூனிட்டுக்குப் போனவளுக்கு என்ன குறைச்சல்?

போன் இருக்கும்போது யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதே. போன் வெளிச்சத்தைப் பார்த்தால் கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது. காதில் வைத்துப் பேசினால் நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்கிறது. மகள் தமிழினியின் பரீட்சை அட்டையை மடியில் வைத்து, ஜன்னலைப் பாதி சாத்திவிட்டு, நாலு வரி எழுதுகிறேன். படுக்கிறேன். எழுந்து இன்னும் நாலு வரி. இந்தக் கடிதம் முடிய எத்தனை நாள் ஆகுமோ தெரியாது.

ஜூன் மாதம் நம் லைனில் ரேக் உச்சியிலிருந்து லாஸ்ட் கிரேட் சரிந்து என் தலையில் விழுந்ததே, அந்த வலி இன்னும் போகவில்லை. ஒரு கிரேட் நிறைய, ஷூ தைக்க அச்சாக வைக்கிற பிளாஸ்டிக் கால்கள். எந்த ஊர் மகாராணி போடப்போகிற ஷூவுக்கான கால்களோ, என் மண்டைமேல் இறங்கின. தலைவலி மட்டும் என்றால் பரவாயில்லை. குனிந்தால் தரை நகருகிறது. மிக்ஸி ஓடினால் அழுகை வருகிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு எதற்கு வந்தோம் என்று நிற்கிறேன். பாண்டியன் தோல் டேனரியிலிருந்து வரும்போது அவர் சட்டையில் வருகிற வாடை, கல்யாணமான நாளிலிருந்து பழகிய வாடை, இப்போது குமட்டுகிறது. அவருக்கு முகம் செத்துப்போகிறது. என் மாமியாரோ தெருவுக்கே கேட்கிற மாதிரி, “ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னு சொல்லியாச்சி, இன்னும் இன்னா படுக்க?” என்கிறார்.

உனக்குத் தெரியாதது இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் ஆத்திரம் அடங்குகிறது. கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் எண் மாற்றுகிற பலகை. மேலே ‘விபத்தில்லா நாட்கள்’ என்று எழுதியிருக்கும். யாருக்காவது அடிபட்டால் பூஜ்யத்துக்கு வந்துவிடும். இலக்கைத் தொட்டால் யூனிட்டுக்கே பிரியாணி. தொடப்போகிற நேரத்தில் என் தலை குறுக்கே வந்தது. அதனால் எனக்கு அடிபடவில்லை, எனக்கு மயக்கம் வந்தது! நோட்டில் அப்படித்தான் இருக்கிறது. லோ பி.பி. மயக்கம் என்று இன்சார்ஜ் ராமமூர்த்தி எழுத, நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போட்டுவிட்டு லைனில் உட்கார்ந்து ஷிப்ட்டையும் முடித்தேனாம்.

பிரியாணி போட்ட அன்று நம் லைன் மஹ்பூபி ஒரு பார்சலை வீட்டுக்கே கொண்டு வந்தாள். “உன்னாலதாங்க்கா இந்த பிரியாணி” என்று சிரித்தாள். பார்சலைப் பிரித்ததும் வாசலிலேயே வாந்தி எடுத்தேன். ஆம்பூரில் இருந்துகொண்டு பிரியாணி வாடைக்குப் பயந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒன்று கேட்கவேண்டும். அன்று மத்தியானத்துக்குமேல் எனக்கு நினைவு சரியாக இல்லை. ஃபர்ஸ்ட் எய்ட் ரூம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். யாரோ பிடரியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்குரல் ஏதோ சொன்னது. நான் தலையாட்டினேன். என்ன சொன்னது, யார் சொன்னது, ஒன்றும் பிடிபடவில்லை. லைனில் பக்கத்து இடம் உன்னுடையது. உனக்குத் தெரிந்திருக்கும். யார் அவள்?

உன் தலையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

விஜயகுமாரி


வாலாஜாபேட்டை
21-8-2024

பாசமுள்ள அக்காவுக்குத் தங்கை சௌமியா எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் மாமாவும் தமிழினியும் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் சாமியிடம் கேட்கிறேன்.

உன் கையெழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். முத்து முத்தாக எழுதுவாயே, இப்போது வரிகள் பூராவும் சரிந்து கிடக்கின்றன. சுக்கை உரசிப் பற்றுப் போட்டுப் பார். எங்கள் ஹாஸ்டல் வார்டன் சொன்னார். கண்ணாடி போட்டால் வெளிச்சம் கூசாதாம்.

இங்கே சூப்பர்வைசர் வேலை நினைத்த மாதிரி இல்லை. என்னைவிட மூத்தவர்களை எல்லாம் ‘வேகமா, வேகமா’ என்று விரட்டவேண்டியிருக்கிறது. ஹாஸ்டலில் தினமும் ரசம் என்ற பெயரில் வெந்நீர். கொசு ஜாஸ்தி.

நீ கேட்டது பற்றி. நான் அப்போது தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன் அக்கா. திரும்பி வந்தபோது நீ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாய். யார் சொன்னது என்று தெரியவில்லை. அதையே நினைத்துக்கொண்டிருந்தால் வலி கூடத்தான் செய்யும். மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

ஆலங்காயத்திலிருந்து அம்மா உன்னை விசாரித்தார். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கை,
சௌமியா


ஆம்பூர்
4-9-2024

சௌமியா,

சுக்குப் பற்று போட்டேன். நெற்றி எரிந்தது. வலி அப்படியேதான் இருக்கிறது. இனிமேல் வைத்தியம் எழுதாதே.

போன வாரம் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனேன். கம்பெனியிலிருந்து வந்த சீட்டில் பி.பி. என்று இருக்கிறது, நீங்கள் அடி என்கிறீர்களே என்றார்கள். சரி, கம்பெனியிலேயே திருத்திக் கேட்போம் என்று நேராக அங்கே போனேன். ராமமூர்த்தி உட்காரக்கூடச் சொல்லவில்லை. நோட்டைத் திருப்பி என் முன்னால் தள்ளினார்.

“இது உன் கையெழுத்துதானே?”

“தலையில அடி வாங்குனவ கையெழுத்து சார் அது.”

“நல்லா பேசுறியே! இவ்ளோ பேசுறவளுக்கு மூளையில அடின்னா யார் நம்புவா?”

பேசினாலும் குற்றம். பேசாமல் படுத்தால் அதுவும் நடிப்பு. எந்த மாதிரி இருந்தால் இவர்களுக்கு என் தலைவலி பிடிக்கும் என்று கேட்டிருக்கவேண்டும். டியூப்லைட் வெளிச்சத்தில் நிற்கவே முடியவில்லை, மேசையைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில், “பார்த்தவங்க யாராவது எழுதிக் குடுக்கட்டும், பாக்கலாம்” என்றார்.

லைனுக்குள் போனேன். ஒருத்தி தலை நிமிரவில்லை. மஹ்பூபியின் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது, அதில் ஷூவே இல்லை. எல்லாரும் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஒரு பொட்டலம் பிரியாணிக்கு வாயை அடைத்துக்கொண்டார்கள்.

நீ எழுது. கிரேட் விழுந்தபோதாவது நீ பக்கத்தில்தான் இருந்தாய், அப்போது தண்ணீர் எடுக்கப் போகவில்லையே? மூன்று வரி போதும். கம்பெனியில் நடந்த விபத்து என்று பதிவானால் சிகிச்சைக்கு லீவு கிடைக்கும், வேலை தங்கும். இல்லாவிட்டால் காரணமில்லாமல் வராதவள் என்று பெயரை எடுத்துவிடுவார்கள். அதைவிட, என் வீட்டில் நான் ஒரு பொய்க்காரியாகப் படுத்திருக்கிறேன். அது எனக்குத் தாங்கவில்லை.

சீக்கிரம் எழுது.

விஜயகுமாரி


வாலாஜாபேட்டை
30-9-2024

அன்பு அக்காவுக்கு,

சௌமியா வணக்கத்துடன் எழுதுவது. பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. ஷிப்மென்ட் நெருக்கடி. ஞாயிற்றுக்கிழமைகூட வரச் சொன்னார்கள்.

இத்துடன் ஒரு கறுப்புக் கண்ணாடியும் தைலமும் அனுப்பியிருக்கிறேன். கண்ணாடி நல்ல கடையில் வாங்கினது. தமிழினி எப்படிப் படிக்கிறாள்? மாமாவுக்கு இன்னும் இரண்டு ஷிப்ட்டா?

இங்கே மழை. பாலாற்றில் கொஞ்சம் தண்ணீர் வந்திருக்கிறதாம், எல்லாரும் பார்க்கப் போகிறார்கள். எனக்குத்தான் நேரமில்லை.

உடம்பு தேறி நீ பழையபடி சிரிக்கவேண்டும். அதுதான் என் ஆசை.

சௌமியா


ஆம்பூர்
5-10-2024

கண்ணாடி வந்தது. தைலம் வந்தது. பாலாற்றுத் தண்ணீர்கூடக் கடிதத்தில் வந்துவிட்டது. நான் கேட்டது வரவில்லை.

ஒன்று யோசித்துப் பார்த்தேன். பிரியாணி போட்ட மறு வாரமே உனக்கு சூப்பர்வைசர் வேலை வந்தது. உன்னைவிட மூத்தவர்கள் லைனில் எத்தனை பேர் இருந்தார்கள்? என் சித்தி மகளுக்கு இவ்வளவு திறமையா என்று அன்று நான் சந்தோஷப்பட்டேன். இன்று கேட்கிறேன். அந்த வேலை உனக்கு எதற்குக் கிடைத்தது?

தலை சுற்றுகிறது. இவ்வளவுதான்.

வி.


ஆம்பூர்
12-11-2024

சௌமியா,

நீ பதில் போடவில்லை. போடமாட்டாய் என்று தெரியும். இருந்தும் எழுதுகிறேன், வேறு யாரிடம் கத்துவேன்?

தீபாவளி முழுவதும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உள்ளறையில் கிடந்தேன். ஒவ்வொரு வெடிக்கும் மண்டைக்குள் ஏதோ விழுந்தது. தமிழினி ஒரு மத்தாப்புக்கூடக் கொளுத்தவில்லை. “வேணாம்மா, எனக்கே புடிக்கல” என்றாள். புடிக்காமலா? போன வருஷம் தெருவையே ரெண்டாக்கினவள். அவள் பொய் சொன்னது எனக்குப் புரிந்தது. என் பிள்ளை என் தலைக்காகப் பொய் சொல்லப் பழகிவிட்டாள். அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கோபம்.

அப்புறம் பாண்டியன் ஒரு காரியம் செய்தார். கேட்காமல் கொள்ளாமல் ஒரு நாள் லீவு போட்டு, என்னை வேலூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனார். பஸ்ஸில் பள்ளிகொண்டா வருவதற்குள் இரண்டு தடவை வாந்தி. டாக்டர் அம்மா என் கண்ணைப் பார்த்தார், ஒரே கோட்டில் நடக்கச் சொன்னார், சில வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். ஐந்தில் இரண்டுதான் வந்தது. பிறகு பாண்டியனைப் பார்த்துச் சொன்னார்: “ஸ்கேன்ல ரத்தக்கசிவு, விரிசல் தெரியும். மூளை குலுங்கினது தெரியாது. இவங்க சொல்றது அத்தனையும் நெஜம். சில பேருக்கு மாசக்கணக்குல இருக்கும். சரியாகும், ஆனா மெதுவாதான் ஆகும்.”

பாண்டியன் வெளியே வந்து படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து டேனரிக் குழாயிலேயே குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறார். இந்தக் குளிரில் ஈரத் தலையோடு வாசலில் நின்று, “இப்ப வாட இல்லியே?” என்று கேட்கிறார். நம்பாதிருந்தவர் அவர். அவரே மாறிவிட்டார். கண்ணால் பார்த்த நீ?

அடிபட்ட அன்றே வேலையை நிறுத்தியிருக்க வேண்டும் என்று டாக்டர் திட்டினார். எப்போதும் இருட்டில் கிடப்பதும் தப்பாம், கொஞ்சம் நடக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக வேலையைக் கூட்டவேண்டும். சாயங்காலம் பள்ளிவாசல் வரை நடக்கிறேன், உன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான். அது மட்டும் உபயோகப்படுகிறது.

விஜயகுமாரி


வாலாஜாபேட்டை
26-11-2024

அக்கா,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நான் எழுதிக் கொடுத்தால் அடுத்த நாள் இங்கே இருக்கமாட்டேன். ஹாஸ்டலும் போகும். ஆலங்காயத்தில் அம்மா நான் சூப்பர்வைசர் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

உன்னை நினைக்காத நாள் இல்லை. அது உண்மை.

சௌமியா


ஆம்பூர்
9-12-2024

சௌமியா,

பயமாக இருக்கிறது என்று எழுதினாயே, இவ்வளவு நாளில் நீ எழுதின உருப்படியான வரி அது ஒன்றுதான். அதற்காகச் சந்தோஷம்.

எனக்கும் பயம். கம்பெனியிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. பொங்கல் கழித்து ஜனவரிக் கடைசிக்குள் வேலைக்குத் திரும்பவேண்டும், இல்லாவிட்டால் பெயர் நீக்கம். நான் எந்தத் தலையை வைத்துக்கொண்டு திரும்புவது? லைன் சத்தத்தில் பத்து நிமிஷம் நிற்க முடியாது.

உன்னிடம் இனிமேல் கேட்கமாட்டேன். கேட்டுக் கேட்டு எனக்கே வெட்கமாக இருக்கிறது. நீ அங்கே சுகமாக இரு. சித்தியை விசாரித்ததாகச் சொல்.

விஜயகுமாரி


வாலாஜாபேட்டை
10-1-2025

அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

என் லைனில் கிறிஸ்டினா என்று ஒரு பெண். போன மாதம்தான் சேர்ந்தாள். செவ்வாய்க்கிழமை ஈரத் தரையில் வழுக்கி, டிராலி விளிம்பில் பின்தலை மோதி விழுந்தாள். எழுந்து உட்கார்ந்துவிட்டாள், ஆனால் பார்வை எங்கேயோ இருந்தது. இங்கேயும் கேட்டில் அதே பலகை உண்டு. பொங்கல் முடிந்ததும் விருந்து என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பூவம்மாள் என்று ஒரு அக்கா, ரொம்ப நல்லவர், யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் ஓடுகிறவர். கிறிஸ்டினாவின் பிடரியைத் தடவிக்கொண்டே சொன்னார்: “லோ பி.பி.ன்னு சொல்லிடு கண்ணு. உன் ஒருத்தியால எல்லாருக்கும் போயிடப்போவுது. ரெண்டு மாத்தர போட்டா சரியாப்பூடும்.” அன்று உன்னிடம் சொன்ன அதே வார்த்தைகள் அக்கா. ஒரு சொல்கூட மாறவில்லை. கிறிஸ்டினா தலையாட்டினாள், நீ ஆட்டின மாதிரியே.

 லைனை நிறுத்தினேன். வண்டி வரவழைத்து அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிறகு கேட்டுக்குப் போய்ப் பலகையிலிருந்த எண் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பூஜ்யத் தகட்டைத் தேடினேன், கிடைக்கவில்லை. வாட்ச்மேன் மேசை டிராயரில் புத்தம் புதுசாகக் கிடந்தது, யாரும் ஒரு நாளும் எடுத்ததே இல்லை. அதை மாட்டிவிட்டு உள்ளே வந்தேன். 

மறுநாளே என்னை சூப்பர்வைசரிலிருந்து எடுத்துவிட்டார்கள். நூல் வெட்டுகிற மேசையில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். ஹாஸ்டலை மாதக் கடைசியில் காலி செய்யவேண்டும்.

இத்துடன் நீ கேட்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். மூன்று வரி கேட்டாய், ஒரு பக்கம் வந்துவிட்டது. கிரேட் எங்கிருந்து விழுந்தது, உன் தலையில் எங்கே பட்டது, நீ எவ்வளவு நேரம் கண் திறக்கவில்லை, எல்லாம் இருக்கிறது. ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன், தவறாது.

சௌமியா


ஆம்பூர்
28-1-2025

சௌமியா,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. கிறிஸ்டினா எப்படி இருக்கிறாள்? அவளை போன் பார்க்கவேண்டாம் என்று சொல். தலை வலிக்கும்போது வேலை செய்யாதே, யார் சொன்னாலும் செய்யாதே என்று சொல்.

நீ எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு பாண்டியனோடு கம்பெனிக்குப் போனேன். ராமமூர்த்தி இரண்டு தடவை படித்தார். “அவ இப்ப எங்க யூனிட் ஆளே இல்ல, அவ எழுதினது செல்லாது” என்று ஆரம்பித்தார். லைனில் ஒரு மெஷின் நின்றது. மஹ்பூபி எழுந்து வந்தாள். “நானும்தான் சார் பாத்தேன். பாத்துட்டு, பொய்ய சொல்ட்டு, அந்த பிரியாணியையும் துன்னேன் சார்” என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். எனக்கு அவர்களைக் கட்டிப்பிடிக்கவும் தோன்றியது, ஆளுக்கு ஒரு அறை கொடுக்கவும் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன், அவர் சொல்லாமலே.

எழுதிக்கொண்டார்கள். விபத்து என்றே எழுதினார்கள். பெயர் நீக்கம் இல்லை, டாக்டர் சொல்கிற வரை லீவு. போன திங்கட்கிழமை பலகையில் பூஜ்யம் போட்டார்களாம், பாண்டியன் கேட்டில் நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னார். என் மாமியார் கேட்டுக்கொண்டிருந்தார். போய் மிக்ஸியை நிறுத்திவிட்டு அம்மியில் அரைத்தார்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். ‘அன்று உன்னிடம் சொன்ன அதே வார்த்தைகள், ஒரு சொல்கூட மாறவில்லை’ என்று எழுதியிருக்கிறாய். அந்த வார்த்தைகள் எனக்கே நினைவில்லை. மாதக்கணக்கில் தேடியும் கிடைக்காத வார்த்தைகள். தண்ணீர் எடுக்கப் போயிருந்தவளுக்கு எப்படி அவ்வளவு சுத்தமாகத் தெரிந்தது?

பதில் எழுதவேண்டாம். படித்ததுமே புரிந்துவிட்டது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அழுதால் வலி கூடுகிறது, அதனால் அழவும் முடியவில்லை. யார் யாரையோ சந்தேகப்பட்டேன். மஹ்பூபியை எவ்வளவு திட்டினேன்! என் சித்தி மகள், நான் கையைப் பிடித்துக் கொண்டுபோய் வேலையில் சேர்த்துவிட்டவள், அந்தக் குரல் அவளுடையது என்று மட்டும் நினைக்கவே இல்லை. முந்தாநாள் வந்த ஒரு பெண்ணுக்கு அரை மணியில் செய்ததை எனக்குச் செய்ய உனக்கு ஏழு மாதம் ஆகியிருக்கிறது. கோபம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். 

ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு எங்கே போவாய்? ஆலங்காயத்துக்குப் போனால் சித்தி கேட்கிற கேள்விக்கு உன்னால் பதில் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை பெட்டியை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடு. உன்னை முகத்துக்கு நேரே திட்டவேண்டும். மெதுவாகத்தான் திட்டுவேன், சத்தம் எனக்கே ஆகாது.

பஸ் ஸ்டாண்டில் இறங்கினதும் வெறுங்கையோடு வரக்கூடாதென்று பிரியாணி வாங்கிவிடாதே. சாயங்காலம் ஆனால் எனக்குப் பிடரி இன்னும் பிடித்துக்கொள்கிறது. வந்து தடவிவிடு. பழகின கைதானே.

உன் அக்கா,
விஜயகுமாரி